ஜோங்காவா, ஜிப்சியா? மிலிட்டரி டிஸ்போசல் வண்டி வாங்குமுன் நான் போட்ட கணக்கு

ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றுக் காவேரிப்பட்டினத்துக்குத் திரும்பிய என் சித்தப்பாவிடம், மிலிட்டரி டிஸ்போசல் வண்டி, அதாவது ராணுவம் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விடும் வண்டி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னேன். "அந்த வண்டிங்க தானா ஓடலடா, பின்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்பே ஓடுச்சு" என்றார். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இவ்வகை வண்டி வைத்திருக்கும் நண்பர்களின் வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது, அவர் சொன்னதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். வண்டி எவ்வளவு உறுதியானது என்பதைவிட, அது நின்றுபோனால் மாலைக்குள் உதிரிபாகம் கிடைக்குமா என்பதையே முதலில் கேட்டேன்.

ஆசை என்னவோ ஜோங்காவின் மீதுதான். நிசான் பேட்ரோல் என்ற ஜப்பானிய ஜீப்பை அடிப்படையாகக் கொண்டு, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1999 வரை நம் ராணுவத்துக்காகக் கட்டப்பட்ட வண்டி அது. 3,956 சி.சி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் தாழ்ந்த வேகத்திலேயே இழுவை கொடுப்பதால், வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே முனகாமல் ஏறியது. ஆனால் இறங்கும்போதுதான் உண்மை தெரிந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், பவர் இல்லாத ஸ்டீயரிங், மேலே கனத்த இரும்பு. அடிவாரம் வருவதற்குள் என் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன. மைலேஜோ லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டரைத் தாண்டவில்லை. இதற்குப் பயந்தே பலர் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றிவிடுகிறார்கள். வண்டி சிக்கனமாக ஓடத் தொடங்கினாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற்று, அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறாதவரை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும்.

ஜோங்காவின் என்ஜின் எளிதில் சாகாது என்பது உண்மை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர், தீப்பொறிக்கான பாயிண்ட், கண்டென்சர் ஆகியவற்றைச் சுத்தமாக வைத்திருந்தால் போதும். சிக்கல் சின்னச் சின்னப் பொருள்களில் இருக்கிறது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் அசல் ஆயில் சீல் கிடைக்காமல் லேத் பட்டறையில் புஷ் கடைந்து, வேறு வண்டியின் சீலைப் பொருத்திக்கொண்டிருக்கிறார் பர்கூர் நண்பர் ஒருவர். இப்போது பங்க்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் அரித்துவிடுவதால், அவற்றை முழுவதும் மாற்றிக்கொள்ளாமல் நெடுந்தூரம் கிளம்புவது வீண் துணிச்சல்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளை நான் வண்டியாகவே கருதவில்லை, அவை நகைகள். ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால் அடியில் பெட்ரோல் டேங்க், என்ஜினுக்கே வெளிச்சம் காட்டும்படி பின்புறமாகத் திருப்பக்கூடிய ஹெட்லைட் என்று பார்க்கப் பார்க்க அலுக்காத வேலைப்பாடு. என்றாலும் இடப்பக்க ஸ்டீயரிங்கையும் 6 வோல்ட் மின்சாரத்தையும் வைத்துக்கொண்டு, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு இடையில் இரவில் இறங்க எனக்கு மனம் வராது. ராணுவத்தின் சக்திமான் லாரியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; அதை நிறுத்தவே தனியாக ஒரு களம் வேண்டும்.

மிஞ்சியது மாருதி ஜிப்சி. 1985 டிசம்பரில் அறிமுகமான இந்த வண்டியை ராணுவம் பெருமளவில் வாங்கியதால், ஏலத்தில் வெளிவருபவற்றில் இதையே அதிகம் காணலாம். அதன் பிந்தைய மாடலான ஜிப்சி கிங்கின் 1,298 சி.சி. என்ஜின் மாருதி எஸ்டீம் காரிலும் இருந்த குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், கேஸ்கெட்டோ டைமிங் பெல்டோ தேவைப்பட்டால் ஓசூரில் அரைநாளில் கிடைத்துவிடுகிறது. ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடையும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீல் டிரைவும் சேர்ந்திருப்பதால், அஞ்செட்டிப் பக்கத்துச் சேற்று வழியில் கனமான ஜோங்கா புதைந்த இடத்தை இது தத்தித் தத்திக் கடந்துவிட்டது. குறைகளும் உண்டு. பட்டை ஸ்பிரிங் முதுகெலும்பை எண்ணிக் காட்டும். முன்சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங் தேய்ந்த வண்டியில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறினால் ஸ்டீயரிங் கையை உதறும். வாங்குமுன் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது கட்டாயம்.

எந்த வண்டியானாலும் காகிதம்தான் முதல் உதிரிபாகம். ஏலம் விட்ட ராணுவ டிப்போ கொடுத்த விற்பனை ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். 'சிவில் நம்பர் (ராணுவ எண்ணுக்குப் பதிலான ஆர்.டி.ஓ. பதிவெண்) பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று இடைத்தரகர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். எனக்கு முதலில் காட்டப்பட்ட ஜோங்காவில் சேசிஸ் எண் இருந்த இடத்தில் வெல்டிங் தழும்புதான் இருந்தது. 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் வந்த விதிப்படி 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் பெறலாம். 20,000 ரூபாய் கட்டணம். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்ட முடியாது. டீசலுக்கு மாற்றிய ஜோங்காவை மூல வடிவம் என்று சொல்லவும் முடியாது.

ஆகவே ஜிப்சியையே வாங்கினேன். கிங்பின் பேரிங் இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. சென்ற மாம்பழப் பருவத்தில் தோப்பிலிருந்து மண்டிக்கு ஒருநாளும் நிற்காமல் ஓடியது. ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு போனபோது மட்டும், பக்கவாட்டில் அமரும் அந்தப் பின் இருக்கையில் பென்னாகரம் வரை பொறுத்துக்கொண்ட சித்தி, அங்கே இறங்கிப் பஸ் ஏறிவிட்டார்.