ரீவி ரிமோட் விற்ற காலம்

2005 செப்டெம்பரில் ஒரு புகைப்படம் வெளிவந்த அன்று, எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் பெடியன்கள் ஆறேழு பேர் கவுண்டரைச் சுற்றி நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில், ரோக்கியோ கேம் ஷோ மேடையில் வீடியோ கேம் கொம்பனியான நின்டென்டோவின் தலைவர் சத்தோரு இவாட்டா தூக்கிப் பிடித்திருந்தது ஒரு வெள்ளைக் கட்டை. ரீவியில் பொருத்தி விளையாடும் அவர்களின் புதிய கொன்சோலுக்கு, கையில் பிடிக்கிற கொன்ட்ரோலர் அதுதானாம். "அண்ணா, இனி நீங்கள் ரீவி ரிமோட்டும் விக்கப் போறியளோ?" என்றான் ஒருவன். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மோலுக்குள் இருந்த வீடியோ கேம் கடை அது. படித்துக்கொண்டே மாலையிலும் சனி ஞாயிறிலும் வேலை. சம்பளத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கையில் பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக மனிதர்கள் இவ்வளவு கோபப்படுவார்கள் என்று மட்டும் அங்கேதான் கண்டேன்.

சிரித்தவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை. பத்து வருடமாக இரண்டு பெருவிரல்களுக்குள் ஒரு வித்தையைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அவர்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று கண் பார்க்காமலே விரலுக்குத் தெரியும். அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு வா என்றால் யாருக்குத்தான் எரியாது? போதாக்குறைக்கு, நின்டென்டோ அப்போது காட்டிய வீடியோவில் விளையாட்டே இல்லை. மனிதர்கள் அந்தக் கட்டையை வைத்துக்கொண்டு மீன் பிடித்தார்கள், பல் பிடுங்கினார்கள், வாத்தியக் குழுவை நடத்தினார்கள். திரையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் காட்டவில்லை. அடுத்த ஏப்ரலில் 'வீ' என்று பெயரையும் வைத்தார்கள். ஆங்கிலத்தில் அது சின்னப் பிள்ளைகள் மூத்திரத்துக்குச் சொல்கிற சொல். பெடியன்களைக் கேட்கவா வேண்டும்!

கடையில் என்னோடு நின்றவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. 1996இல் நின்டென்டோ 64 என்ற கொன்சோல் வந்தபோதும் இதே சிரிப்புத்தான் என்றார். அந்தக் கொன்ட்ரோலருக்கு மூன்று கைப்பிடிகள். மனிதனுக்கு மூன்றாவது கை எங்கே என்று கேட்டார்களாம். ஆனால் அதன் நடுவில் இருந்த, பெருவிரலால் அசைக்கிற சின்னத் தடியை எல்லாக் கொம்பனிகளும் பிறகு எடுத்துக்கொண்டன. பிளேஸ்டேசன் கொன்சோலை விற்ற சோனியின் கதை வேறு. அவர்கள் 2005 மே மாதம் பூமராங் மாதிரி வளைந்த ஒன்றைக் காட்டினார்கள். வாழைப்பழம் என்று ஊரே பகிடி பண்ண, ஒரு வருடத்துக்குள் பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டார்கள். நின்டென்டோ திரும்பவில்லை. இவாட்டா சொன்ன காரணம் எனக்குப் பின்னால்தான் உறைத்தது: ரீவி ரிமோட்டை வீட்டில் எல்லோரும் எடுக்கிறார்கள், கேம் கொன்ட்ரோலரைத் தொடவே பயப்படுகிறார்கள். உண்மைதான். என் அம்மா என் கொன்ட்ரோலரை ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் கையால் எடுப்பா. வயரைச் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட.

2006 நவம்பர் 17ஆம் திகதி பிளேஸ்டேசன் 3 வந்தது, 19ஆம் திகதி வீ. பிளேஸ்டேசனுக்கு வீயின் விலையைப் போல் இரண்டு மடங்கு. கிறிஸ்மஸ் முடியும் வரை "வீ இருக்கா?" என்ற தொலைபேசி ஓயவில்லை. "இல்லை" என்று சொல்வதுதான் அந்த மாதத்தில் என் முழு வேலை.

கடையின் மூலையில் ஒரு ரீவியில் அதைப் பொருத்தி வைத்திருந்தோம். முதல் வாரமே நான் ரிமோட்டின் வாரை மணிக்கட்டில் மாட்டாமல், குண்டை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தைக் காட்டப் போய், ரிமோட் பறந்து சுவரொட்டித் தட்டியில் அடித்தது. எனக்கு மட்டும் நடந்ததல்ல போலும். டிசெம்பரில் நின்டென்டோ 32 இலட்சம் வார்களைத் தடித்த கயிறாக மாற்றிக் கொடுப்பதாக அறிவித்தது. பிறகு இன்னொரு சிக்கல். மாலையானதும் ரிமோட்டை நீட்டும் இடத்துக்குத் திரையில் நகர்கிற கைக்குறி பேய் பிடித்ததுபோல் துள்ளும். இரண்டு நாள் மண்டையை உடைத்தோம். சென்சர் பார் என்று ரீவிக்கு மேல் வைக்கிறோமே, அது எதையும் உணர்வதில்லை. இரண்டு முனையிலும் அகச்சிவப்புக் கதிர் விடுகிற சின்ன விளக்குகள், அவ்வளவுதான். பார்க்கிற கமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. ரீவிக்குப் பின்னால் நாங்களே கட்டிய கிறிஸ்மஸ் பல்ப் மாலையை அது சென்சர் பாரின் விளக்கு என்று நம்பியிருக்கிறது. மாலையைக் கழற்றினோம், பேய் போனது. (இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் ரிமோட் வேலை செய்யும். கடை பூட்டிய பிறகு செய்து பார்த்தோம்.)

அந்த மூலைக்கு ஒரு சனிக்கிழமை, அந்தப் படம் வந்த அன்று என்னைக் கேலி பண்ணிய பெடியன் தகப்பனோடு வந்தான். ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற நின்டென்டோ சண்டை விளையாட்டில் அவனை வெல்ல அந்த மோலில் ஆள் இல்லை. தகப்பன் இரவு வேலை முடித்து வந்தவர், கண் சிவந்திருந்தது. கொன்சோலோடு இலவசமாக வந்த வீ ஸ்போர்ட்ஸில் இருவரும் டெனிஸ் ஆடினார்கள். தகப்பன் ஜக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, உண்மையான மட்டையைப் பிடித்ததுபோல் தோளிலிருந்து வீசினார். பந்து படும் சத்தம் ரிமோட்டுக்குள்ளிருந்தே கேட்க, திடுக்கிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் ஆட்டம் அவருக்கு.

இரண்டாவது ஆட்டத்தில் மகன் கண்டுபிடித்துவிட்டான். கையை வீசவே தேவையில்லை. மணிக்கட்டைச் சுண்டினால் போதும். திரையில் இருக்கும் ஆள் தானாகவே ஓடுவான். நின்ற இடத்தில் நின்று, சுண்டிச் சுண்டியே தகப்பனைத் தோற்கடித்தான். வென்றவனின் முகத்தில் ஏமாந்த கோபம். "இது பொய் அண்ணா. சும்மா ஆட்டினாலே காணும்," என்றான். அவன் சொன்னது சரி. கையின் அசைவை ஓரளவு துல்லியமாக அறிய மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவி வேண்டியிருந்தது. அது வந்தது 2009இல்தான்.

தகப்பன் இன்னமும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மெல்லச் சுண்டினாலும் அடிபடும் அங்கிள் என்று நானும் சொல்லிக் கொடுத்தேன். "அது தெரியும் தம்பி, அவன் செய்யேக்க பாத்தனான்," என்றார். "கையை வீசாட்டி பிறகென்னத்துக்கு விளையாடுவான்?"

கிறிஸ்மஸ் கழிந்து சரக்கு வந்தபோது வாங்கிக்கொண்டு போனார்கள். வீ மொத்தம் 10 கோடிக்கு மேல் விற்றது. அதில் எத்தனை இரண்டாம் மாதமே தூசி பிடித்தன என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு, ஏனென்றால் பழையதாகத் திருப்பி விற்க வந்தவர்களிடம் வாங்கி அடுக்கியவனும் நான்தான்.

2008 மார்ச்சில் வீக்கான ஸ்மாஷ் பிரதர்ஸ் வந்தது. பெடியன் முதல் நாளே வந்தான், கேமோடு, வீக்கு முந்திய நின்டென்டோ கொன்சோலான கேம்கியூபின் பழைய கொன்ட்ரோலர் ஒன்றும் கேட்டான். நிமிர்த்தி வைத்த அப்போதைய வீயின் மேல்மூடியைத் திறந்தால், பழைய கொன்ட்ரோலர்களுக்கென்றே நான்கு துளைகள் இருக்கும். கடையில் பலருக்கு அதைக் காட்டிக் கொடுத்தவன் அவன்தான். "வெள்ளைக் கட்டை எங்கே?" என்று கேட்டேன்.

"அது அப்பான்ர," என்றான்.