இருபது நிமிஷம்

2023 மே 21 இரவு எங்கள் வானாய்வகத்தில் தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் டோமை மூடியது நான்தான். காற்றில் ஈரப்பதம் 88 சதவீதம். வாணியம்பாடிப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. 90 வந்தால் மூட வேண்டும் என்பது நான் பழகிய கணக்கு. இரண்டு புள்ளி மிச்சம் இருக்கும்போதே மூடிவிட்டேன்.

"அண்ணா, இருபது நிமிஷம் மட்டும். ஒரே ஒரு எக்ஸ்போஷர்" என்று கேட்டார் அன்றைக்கு வானம் பார்க்க வந்திருந்த ஆராய்ச்சி மாணவி. ஒரு தடவை ஒளியைப் பதிவு செய்வதைத்தான் எக்ஸ்போஷர் என்பார்கள்.

"இல்லம்மா, மூடிடலாம்."

"சரிண்ணா."

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

மே மாதம் ஜவ்வாது மலையில் மேகம் எப்படி வரும் என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து நிமிஷத்தில் தலைக்கு மேல் நிற்கும். மிரர் மேல் பனி இறங்கினால் அலுமினியப் பூச்சு கெடும். அப்புறம் மிரரைக் கழற்றி, கழுவி, வெற்றிடத் தொட்டியில் வைத்துத் திரும்பப் பூச வேண்டும். ஒரு மாணவியின் இருபது நிமிஷத்துக்காக எல்லோருடைய இரவுகளையும் பணயம் வைக்க முடியுமா? முடியாது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் மழை வரவில்லை. மேகம் ஆலங்காயத்தைத் தாண்டிப் போய்விட்டது. ஈரம் குறைந்து திறக்கும்போது மணி மூன்று. சப்தரிஷி மண்டலம் வடமேற்கில் மரங்களுக்குப் பின்னால் சாய்ந்துவிட்டது. அவருக்கு வேண்டிய எம்101 காலக்ஸி, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம், அங்கேதான் இருந்தது.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது ஒரு தாளில் வரைந்து காட்டினார். அவர் பார்க்க வந்தது மே 19 அன்று ஜப்பானில் இத்தாகாகி என்ற வானியல் ஆர்வலர் அந்தக் காலக்ஸியில் கண்டுபிடித்த சூப்பர்நோவா, ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாவது. சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரம். அந்தக் கணக்கில் பக்கத்து வீடு. சாவதற்கு முந்தைய சில வருஷங்களில் அந்த நட்சத்திரம் தன்னைச் சுற்றி நிறைய வாயுவைக் கொட்டியிருக்கிறது. வெடிப்பின் வெளிச்சம் பட்டு அந்த வாயு ஒளிரும்போது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் ஊசி மாதிரி மெல்லிய கோடுகள் எழும். சில நாளில் வெடித்த சிதறல் வந்து அந்த வாயுவை மூடிவிடும், கோடுகளும் போய்விடும். கடைசிக் காலத்தில் நட்சத்திரம் எவ்வளவு இழந்தது என்று அந்தக் கோடுகளை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பென்சிலால் ஊசிகளை ஒவ்வொன்றாக வரைந்தார், கடைசி ஊசியை அழுத்தி. குறை சொல்லும் குரலே இல்லை.

அவருக்கு அடுத்து நேரம் கிடைத்தது 26-ஆம் தேதி. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊசிகள் பெரும்பாலும் இல்லை.

உலகத்துக்கு நஷ்டம் இல்லை. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தில் எடுத்தார்கள், இந்தியாவின் விண்வெளித் தொலைநோக்கி அஸ்ட்ரோசாட்டும் பார்த்தது. அந்த நட்சத்திரத்தின் எடை என்ன என்று வந்த கட்டுரைகளில் சிலர் சூரியனைப்போல் 10 மடங்கு என்கிறார்கள், சிலர் 20-க்குப் பக்கம் என்கிறார்கள். எங்களுடைய ஒரு நிறமாலை அதைத் தீர்த்திருக்காது. ஆனால் அது அவருடையதாக இருந்திருக்கும்.

மூடுவதற்கு முன்னால் நான் எப்போதும் வெளி மாடத்துக் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். மீட்டரைவிட அதைத்தான் நம்புவேன், ஈரம் முதலில் இரும்பில்தான் தெரியும். அன்றைக்கும் தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. மின்னலைப் பார்த்து வந்த பயத்தில் உள்ளே போய் மூடினேன். அவரிடம் 88 என்று சொன்னேன். கம்பியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.