நல்லா இருக்கிறவங்க ரத்தமும் வேணுமாம்

எங்க அப்பா வழியில யாருக்காவது கண்ணு மஞ்சளாச்சுன்னா யாரும் பதற மாட்டாங்க. பாட்டாவுக்கு எப்பவுமே லேசா மஞ்சள்தான், குடும்ப வாகுன்னு விட்டாச்சு. ரொம்ப ஏறினா கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடிக்கணும், கொஞ்ச நாள்ல எறங்கிரும். தானா ஏறி தானா எறங்குற வியாதில எந்த மருந்துக்கும் நல்ல பேரு கிடைக்கும் பாத்துக்கோங்க.

தக்கலைல இருக்கிற அண்ணன் மவனுக்கு சின்ன வயசுலயே பித்தப்பைல கல்லு, ஸ்கேன்ல பாத்தா மண்ணீரலும் பெருசு, கடைசில ஹெரிடிட்டரி ஸ்பீரோசைட்டோசிஸ், அதாவது பரம்பரையா ரத்த சிவப்பணு உருண்டையாகிற நோய்னு சொன்னாங்க. சிவப்பணு நடுவுல குழிஞ்சு தட்டையா இருந்தாத்தான் வளைஞ்சு நெளிஞ்சு மண்ணீரல் இடுக்குல போய் வர முடியும், இதுல அணுவோட சவ்வைத் தாங்குற ஆங்கிரின், ஸ்பெக்ட்ரின் மாதிரி ஏதோ ஒரு புரதத்துல கோளாறு, அதனால அணு உருண்டையாகி மண்ணீரல்ல மாட்டிக்கிடும், 120 நாள் ஓட வேண்டியது அதுக்கு ரொம்ப முன்னாடியே உடைஞ்சு போயிரும். உடையுறப்ப வர்ற பிலிருபின்ங்கிற மஞ்சள் பொருள்தான் கண்ணுல மஞ்சள், பித்தப்பைல கல்லு. கல்லீரல் பாவம், அது ஒண்ணுமே பண்ணல.

டாக்டர் பேப்பர்ல குடும்பத்தையே வரைஞ்சார், ஆணுக்கு சதுரம், பொண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவங்களுக்கு உள்ள கறுப்பு. தலைமுறை விடாம கறுப்பு எறங்குது. நாலுல மூணு பங்கு குடும்பத்துல இப்படித்தானாம், அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ். அப்புறம் ஜீன் டெஸ்டுக்கு எல்லாரும் ரத்தம் குடுங்கன்னார், நோய் இல்லாதவங்களும்.

மார்த்தாண்டம் அத்தை மொறைச்சாவ. "எனக்கு ஒரு கேடும் இல்லியே, நான் எதுக்கு கைய நீட்டணும்?"

ஆனா விஷயமே அங்கதான் இருக்கு. எல்லார் ஜீன்லயும் ஏகப்பட்ட மாத்தம் இருக்கும், முக்கால்வாசி சும்மா கெடக்குறது, நோயாளி ரத்தத்த மட்டும் பாத்தா எது குத்தவாளின்னு தெரியாது. நோய் உள்ள எல்லார்ட்டயும் இருந்து, இல்லாதவங்ககிட்ட இல்லாம இருக்கிற மாத்தம் எதுன்னு பாக்கணும். அதுலயும் ஒரு சிக்கல், ஒரே மாத்தம் இருந்தும் ஒருத்தருக்கு ரத்தம் ஏத்துற அளவுக்குப் போகும், இன்னொருத்தருக்கு வயசானப்புறம்தான் தெரியும், அதனால வாயால "நான் நல்லாருக்கேன்"ங்கிறது பத்தாது.

அத்தைக்கு நெசமான பயம் வேற, மவளுக்கு வரன் பாக்குறாவ. படத்துல பேரே வராது, ரெண்டாம் தலைமுறை மூணாவது ஆள்னுதான் இருக்கும்னு சொன்னேன், அசையல. எங்க குடும்பத்துல எறங்குற விதத்துக்கு, உங்களுக்கு அந்த மாத்தம் இல்லேன்னா உங்க வழியா மவளுக்குப் போக வழியே இல்லன்னு சொன்னப்பதான் நிமிந்து பாத்தாவ.

"அத எழுதித் தருவாவளா? தரகர்ட்ட காட்டலாம்லா."