உப்புக்காற்றுக்கு நடுவே 560 சதுர அடி: வீடு ஒதுக்கும் நாட்குறிப்பு

ஜனவரி 19, 2025

பொங்கலுக்கு ஒட்டடை அடித்து, நிலம் கழுவி, யன்னல் துடைத்தாயிற்று. ஆனால் கழுவுவது வேறு, வேண்டாததைக் கழித்து வீட்டை ஒதுக்குவது வேறு. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம், மூன்றாம் மாடி, வாடகை வீடு. ஒரு படுக்கையறை, ஒரு ஹோல், ஆள் திரும்ப மட்டும் இடமுள்ள குசினி, மேற்கே பார்த்த சின்னப் பல்கனி.

மே மாதம் தென்மேல் பருவக்காற்றோடு மழை வந்தால் மேற்குச் சுவர் ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அடிக்கும் பெயின்ட் ஒட்டாது. சித்திரைப் புத்தாண்டுக்கு முன் சுவர் வேலை முடிய வேண்டும் என்பது இந்தக் கரையோர வீடுகளுக்கு எழுதாத சட்டம்.

வேலை ஒழுங்கு: வேண்டாததை வெளியேற்றுதல், சுவர், தட்டு, திரைச்சீலை, வெளிச்சம். பிளாஸ்டிக் பெட்டி வாங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் முதலில் பெட்டிதான் வாங்குகிறார்கள். குப்பையைப் பெட்டிக்குள் அடுக்கி, மூடி போட்டு, கட்டிலுக்குக் கீழே தள்ளினால் அது குப்பைக்குக் கொடுத்த இடவாடகை.

இன்று அளவெடுப்பு மட்டும். சுவர்கள், யன்னல், வாசல். கூடவே படிக்கட்டுத் திருப்பமும் லிஃப்டின் உள் உயரமும். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை இப்படியான கட்டடங்களில் முழுசாக மேலே ஏறாது. கடையிலேயே வெட்டுவிக்க வேண்டும், ஆகவே வெட்டுக் கணக்கு இப்போதே வேண்டும்.

ஜனவரி 25

நாலு உரப்பை: வைப்பது, கொடுப்பது, விற்பது, எறிவது. அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு தெரிவுசெய்யக் கூடாது. ஒரு தட்டை முழுசாகக் காலியாக்கி, நிலத்தில் விரித்த படுக்கை விரிப்பில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்தால்தான் கை முடிவெடுக்கும். முடிந்த தட்டைத் துடைத்துக் காயவிட்டு அடுத்த தட்டு. இரண்டு தட்டை ஒன்றாகக் கொட்டினால் இரவு படுக்க இடமிருக்காது.

குசினியில் இடத்தைத் தின்பது பாத்திரமல்ல, மூடிகள். ஐஸ்கிறீம் டப்பா, மாஜரின் டப்பா எல்லாவற்றையும் மூடியோடு சோடி சேர்த்து, சோடி சேராதவற்றைக் கழித்தாலே ஒரு தட்டு காலியாகும். சோடி சேர்ந்ததிலும் மஞ்சள் ஏறியது, வெடித்தது, கறி மணம் போகாதது மூன்றையும் விடலாம்.

சூட்கேஸ்: வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்துபோகும் எந்த வெள்ளவத்தை வீட்டிலும் அலுமாரிக்கு மேலே மூன்று இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, உள்ளே இருக்கும் கடைசிச் சூட்கேசில் மேலதிகப் படுக்கை விரிப்புகளை வைக்கலாம். சில்லு உடைந்ததை வைத்திருப்பதில் பொருளில்லை.

பத்திரங்கள்: பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்விச் சான்றிதழ் எதையும் லமினேட் செய்ய வேண்டாம். பின்னர் பிரிக்க முடியாது, பின்பக்கத்தில் அத்தாட்சி முத்திரை வைக்கவும் வழியில்லாமல் போகும். தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் போதும். பழைய மின்சாரப் பட்டியல்களைக் கிழித்துவிடலாம்.

பத்திரிகை, காட்போட், போத்தல் எல்லாம் பழைய பேப்பர் எடுக்க வருபவருக்கு. கிலோக் கணக்கு என்பதால் நனையாமல் கட்டி வைக்க வேண்டும். ஈரமான கட்டைத் திருப்பிவிடுவார். 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த பிறகு கொழும்பில் தரம் பிரித்துக் கொடுப்பது கட்டாயமாயிற்று: பச்சை உக்குவது, நீலம் கடதாசி, செம்மஞ்சள் பிளாஸ்டிக், சிவப்பு கண்ணாடி, கபிலம் உலோகம். பழைய சி.எஃப்.எல் மின்குமிழில் பாதரசம் உண்டு. அதையும் பற்றரிகளையும் எந்தப் பையோடும் சேர்க்காமல் தனியே வைத்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

பெப்ரவரி 1

படுக்கையறை மேற்குச் சுவர். அலுமாரியை இழுத்தால் பின்னால் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம், அதற்குக் கீழே பெயின்ட் கொப்புளம், கொப்புளத்தைக் கிளறினால் வெள்ளைத் தூள். மூன்றும் ஒன்றல்ல. பெயின்ட் வாங்குமுன் எது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சோதனை: ஒன்றரை அடிச் சதுரத் தெளிந்த பொலித்தீனைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். பொலித்தீனின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: வெளிச்சுவர் வெடிப்பு, குழாய்க் கசிவு, மேல்வீட்டுக் குளியலறை, இவற்றில் ஒன்று. அதை வீட்டுச் சொந்தக்காரர்தான் வெளியிலிருந்து சரிசெய்ய வேண்டும்; படமெடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருப்பது தவிர உள்ளே செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அறைப்பக்கம் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம், அலுமாரிக்குப் பின்னால் காற்று ஓடாததன் விளைவு. இங்கே அறைப்பக்கம்தான் வியர்த்திருக்கிறது.

பூஞ்சணத்துக்கு: ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர். கையுறை, முகக்கவசம், யன்னல் திறந்தபடி. ஸ்பொஞ்சால் ஒற்றிப் பூசி, 15 நிமிடம் விட்டு, சுத்தத் தண்ணீரால் துடைத்து எடுக்க வேண்டும். காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டினால் வித்துகள் அறை முழுக்கப் பரவும். பிளீச்சோடு வினாகிரியையோ அமோனியா சேர்ந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

வெள்ளைத் தூள் உப்பு. சீமெந்துப் பூச்சுக்குள் இருந்த உப்பை ஈரம் வெளியே தள்ளியிருக்கிறது. அதைத் தண்ணீரால் கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய், காயும்போது மறுபடி பூக்கும். உலர்ந்த நைலோன் பிரஷால் தட்டி, தூளை உடனே அள்ளி எடுக்க வேண்டும். பழைய கொப்புளங்களைப் பூச்சு தெரியும்வரை சுரண்டிவிட்டு ஒரு கிழமை மின்விசிறி, திறந்த யன்னல்.

பெப்ரவரி 4

சுதந்திர தினம், ஹார்ட்வெயார் கடைகள் பூட்டு. சுவர் காய்கிறது.

ஒட்டும் வோல்பேப்பர் பற்றி: அழகுதான், ஆனால் கரையோர வீட்டின் வெளிச்சுவருக்கு வேண்டவே வேண்டாம். வினைல் தாள் மூச்சு விடாது. ஈரம் பின்னால் தங்கும், பசை இளகும், உரிக்கும்போது தாளுக்குப் பின்னால் கறுப்புத் தோட்டம் ஒன்று வளர்ந்திருக்கும். அறைக்கும் ஹோலுக்கும் இடையிலான உட்சுவருக்கு ஒட்டலாம்.

பெப்ரவரி 8

சுவர் 11 அடி நீளம், 9 அடி உயரம், யன்னலுக்கு 16 சதுர அடி கழித்தால் 83. இரண்டு பூச்சுக்கு 166 சதுர அடி. எமல்ஷன் பெயின்ட் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு நடைமுறையில் 110 சதுர அடி ஓடும் என்று வைத்தால் ஒன்றரை லீற்றர் வேண்டும். ஒரு லீற்றர் டின் இரண்டு. நிறம் கலந்து வாங்கும்போது இரண்டு டின்னையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். டின்னுக்கு டின் நிறம் மயிரிழை மாறும், சுவர் நடுவில்தான் அது தெரியும்.

சுரண்டிய இடங்களில் பள்ளம் நிரப்பும் வோல் ஃபில்லர் மெல்லியதாக இரண்டு தரம். ஒரே தரத்தில் தடிப்பாக அப்பினால் மேல் காய்ந்து உள் சுருங்கி வெடிக்கும். காய்ந்ததும் 180ஆம் இலக்க சாண்ட் பேப்பர், தூசு துடைத்து, பெயின்டுக்கு அடிப்பூச்சாக, காரத்தைத் தாங்கும் சீலர் ஒரு பூச்சு. சீலர் தவறினால் சுவர் பெயின்டின் நீரை உறிஞ்சி, பெயின்ட் தூளாக நிற்கும். கையால் தடவினால் ஒட்டிக்கொண்டு வரும். முதல் பூச்சுக்குப் பத்திலொரு பங்கு தண்ணீர், நாலு மணித்தியாலம் கழித்து இரண்டாவது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் வெயிலோடு முடியும். மாலையில் தொடங்கினால் இரவுக் கடற்காற்றின் ஈரத்தில் காயாமல் பிசுபிசுக்கும்.

நிறம்: மேற்குச் சுவருக்குக் கடும் நீலம், கடும் பச்சை எல்லாம் படத்தில் மட்டும் நன்று. உப்பு ஒரு புள்ளி பூத்தாலும் வெள்ளையாகத் தெரியும். சந்தன நிறம் எடுத்தோம்.

பெப்ரவரி 15

பலகை நாள். 18 மில்லிமீற்றர் பிளைவுட் ஒன்று, நீர் தாங்கும் ரகம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை மலிவு, ஆனால் வெட்டிய விளிம்பில் ஈரம் பட்டால் பாண் போல ஊதும், பிறகு சுருங்காது.

வெட்டுக் கணக்கு: 4 அடி அகலத்திலிருந்து 10 அங்குலப் பட்டி நாலு. வாள் ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தின்னும். அதையும் கழித்தால் ஏழரை அங்குலப் பட்டி ஒன்று மிஞ்சும். நாலு பட்டியையும் 5 அடி, 3 அடி என்று வெட்டினால் தலைக்கு மேல் தட்டு இரண்டும் 3 அடிப் புத்தக ராக்கை ஒன்றும் ஒரே பலகையில் அடங்கும். வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு, முதலாவது கொஞ்சம் தின்னர் கலந்து. விளிம்புதான் தண்ணீர் குடிக்கும் வாய்.

சரக்கு அடுக்கும் பலட் தட்டின் பலகை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் முத்திரையைப் பார்க்கவும். துறைமுகம் வழியாக வரும் பலட்டில் கோதுமைக் கதிர் அடையாளத்தோடு எழுத்து இருக்கும். எச்.டி. (HT) என்றால் சூடேற்றியது: மரத்தின் நடுவே 56 பாகை செல்சியஸ், 30 நிமிடம். எம்.பி. (MB) என்றால் மெதைல் புரோமைட் புகையூட்டியது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரை இல்லாததும் எண்ணெய்க் கறை உள்ளதும் அப்படியே.

சுவரில் துளை. இங்கு உட்சுவர் பெரும்பாலும் சீமெந்துக் கல், உள்ளே பொந்து. மேலே அரை அங்குலத்துக்கு மேல் பூச்சு. ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் வைக்கும் ரோல் பிளக் பூச்சுக்குள் மட்டும் நின்றால் பாரம் ஏறிய நாளிலேயே பூச்சோடு பெயர்ந்து வரும். 6 மில்லிமீற்றர் டிரில் பிட், துளை ஆழம் 45 மில்லிமீற்றர். பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிவிட்டால் ஆழம் தவறாது. பூச்சைத் தாண்டியதும் டிரில்லின் ஹாமர் அடியை நிறுத்தி வெறும் சுழற்சியில் துளைக்க வேண்டும், இல்லையென்றால் கல்லின் மெல்லிய ஓடு உள்ளே உடைந்து பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் பொந்து. அங்கே சிறகு விரியும் பொந்துச்சுவர்ப் பிளக்தான் பிடிக்கும். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கத்தில் துளைக்கக் கூடாது, வயர் அந்த வழியில்தான் ஓடும். துளைக்குக் கீழே ஒரு கடித உறையை வாய் திறந்தபடி டேப் ஒட்டினால் தூள் முழுதும் அதற்குள்.

ஐந்தடித் தட்டுக்கு மூன்று பிராக்கெட்: 6, 30, 54 அங்குலங்களில். நீண்ட கை சுவரோடு, குட்டைக் கை பலகையோடு. பாரத்தை இழுத்துப் பிடிப்பது மேல் ஸ்க்ரூ, அது உறுதியாக நிற்க வேண்டும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ். நாகம் (சிங்க்) பூசியது கடற்பக்கம் கெதியில் கறள் பிடித்துச் சுவரில் கபிலக் கோடு வடிக்கும். ஓர் அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் ஏறத்தாழ 10 கிலோ, ஐந்தடிக்கு 50. பொந்துக் கல்லுக்கு அது அதிகம். மேல் தட்டில் சூட்கேஸ், தலையணை, பனையோலைப் பெட்டி. புத்தகம் நிலத்தில் நிற்கும் ராக்கையில். மிஞ்சிய ஏழரை அங்குலப் பட்டியை ராக்கையின் நடுவில் நிறுத்தினால் மூன்றடித் தட்டு தொய்யாது.

ராக்கைக்குப் பின்பலகை போடவில்லை. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, நிலத்திலிருந்து இரண்டு அங்குலக் கால். நிலம் துடைக்கும் ஈரம் ஏறாது, பின்னால் காற்று ஓடும். அலுமாரிக்கும் அதே இரண்டு அங்குலம். இந்த வீட்டில் செய்த எல்லா வேலையிலும் செலவே இல்லாத வேலை இதுதான், பூஞ்சணத்தை நிறுத்துவதும் இதுதான்.

பெப்ரவரி 23

திரைச்சீலைக்குப் பழைய கைத்தறிச் சேலை. ஆறு யார் நீளம் என்றால் 216 அங்குலம். நடுவே வெட்டினால் 108 அங்குலத்தில் இரண்டு துண்டு. கம்பி நிலத்திலிருந்து 90 அங்குலத்தில். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 5, மிஞ்சுவது 9. வெட்டுமுன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் நிலத்துக்கு மேலே கணுக்கால் தெரியும்.

யன்னல் அகலம் 48 அங்குலம், கம்பி 60. இரு பக்கமும் 6 அங்குலம் கூடுதலாக இருந்தால் சீலையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுதும் திறந்து, சின்ன யன்னல் பெரிதாகத் தெரியும். பின்னேர வெயில் நூலைச் சுட்டுத் தின்னும், அதனால் பின்னால் வெள்ளைப் பருத்தி லைனிங். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் யார்க் கணக்கில் வாங்கலாம். அதையும் நனைத்தே தைக்க வேண்டும்.

மார்ச் 1

குசினித் தட்டின் கீழே எல்.ஈ.டி பட்டி, 12 வோல்ட், மீற்றருக்கு 4.8 வொட். இரண்டு மீற்றருக்கு 9.6 வொட், பட்டிக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் 18 வொட் டிரைவர் சூடேறாமல் ஓடும். கத்தரிக்கோல் அடையாளமிட்ட செப்புப் புள்ளிகளில் மட்டும் வெட்டலாம். குசினியில் பட்டி விழுவதற்குக் காரணம் தாளிக்கும் புகையின் எண்ணெய்ப் படலம். சவர்க்காரத் தண்ணீர், பிறகு ஸ்பிரிட் துடைப்பு, அதன் மேல் அலுமினியச் சட்டத்தை ஸ்க்ரூ போட்டுப் பூட்டி, பட்டி அதற்குள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; கேட்காவிட்டால் கடையில் 6500 கெல்வின் தருவார்கள், சோறும் நீலமாகத் தெரியும். குசினிக்கு 4000, ஹோலுக்கு 3000. 230 வோல்ட் இணைப்பு மின்னியலாளர் வேலை.

மார்ச் 9

பல்கனி. தொட்டிகள் கம்பியின் உட்பக்கம் மட்டும். வெளியே தொங்கவிட்டால் காற்றில் விழுவது கீழே போகிறவர் தலையில். கற்றாழை, போகன்வில்லா, மணி பிளான்ட் மூன்றும் நிற்கும். அவற்றில் மணி பிளான்டை உப்புக்காற்று நேரே படாத மூலையில் வைக்கலாம். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். தட்டை எடுத்துவிடலாம், அல்லது விளிம்புவரை மணல் நிரப்பலாம். மணல் கழுவுண்டு இறங்கினால் மறுபடி நிரப்ப வேண்டும். ஏ.சி.யின் தண்ணீர்க் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்த வாளியும் இதே கணக்கில் வரும். கிழமைக்கொருமுறை கொட்டினால் மட்டும் போதாது, முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும். தும்புப் பிரஷால் உரசிக் கழுவ வேண்டும்.