மரவேலை மாஸ்டர் பழக்கின கை

எங்கட பள்ளிக்கூடத்து மரவேலை மாஸ்டர் ஒருத்தரையும் சுத்தியலை எடுத்த உடன அடிக்க விடமாட்டார். தலை ஆடுதா, கைபிடியில வெடிப்பு இருக்கா, அடிக்கிற முகத்தில எண்ணெய் கிண்ணெய் பட்டிருக்கா எண்டு பாக்கச் சொல்லுவார், அதுக்குப் பிறகுதான் ஆணி தருவார். தலைக்குக் கிட்டப் பிடிச்சால் ஒண்டும் பேசாமல் பின்னால வந்து கையைக் கைபிடியின்ர அடிப்பக்கத்துக்கு இறக்கி விடுவார். அங்க பிடிச்சால்தான் சுத்தியலின்ர பாரமே அடிக்கும், மேல பிடிச்சால் எங்கட கை மட்டும் நோகும், முகம் சரிஞ்சு விழுந்து ஆணியும் வளையும். ஆணி தானா நிக்கும்வரைக்கும் மெல்லத் தட்டு, நிண்டபிறகு முழங்கையில இருந்து வீசு, கண் சுத்தியலில இல்லை ஆணித் தலையில இருக்கோணும், இதுதான் அவற்ற முழுப் பாடமும்.

பலகை ஓரத்தில அடிக்கேக்க ஆணிக் கூரை முதல்ல மழுக்கச் சொல்லுவார். கேக்க விசித்திரமா இருக்கும் ஆனா காரணம் இருக்கு, கூர் ஆணி மர நாரை ரெண்டு பக்கமும் பிளந்துகொண்டு போகும், மழுங்கின ஆணி நாரை நசுக்கிக்கொண்டு போகும், அதால வெடிப்புக் குறையும். ஒரே நார் ஓட்டத்தில வரிசையா ஆணி அடிக்கக் கூடாது எண்டதும் இதாலதான். மெல்லிய பலகையைத் தடிச்ச பலகையோட சேர்க்கிறதெண்டால், ஆணியின்ர நீளத்தில மூண்டில ரெண்டு பங்கு தடிச்சதுக்குள்ள போகோணும். பிடுங்கேக்க சுத்தியல் தலைக்குக் கீழ ஒரு மரத்துண்டு வைக்கோணும், பலகையும் பள்ளமாகாது, இழுக்கிற பலமும் கூடும்.

ஆனா மாஸ்டர் உண்மையா ரசிச்சுப் படிப்பிச்சது ஸ்குரூதான், எனக்கும் அதுதான் பிடிச்சது. ஆணி நிக்கிறது நார் அதை நெரிக்கிறதால, ஸ்குரூ நிக்கிறது அதின்ர தண்டைச் சுத்தி ஓடுற புரி நாரைக் கடிக்கிறதால, அதாலதான் இழுவைக்கு ஸ்குரூ நல்லாத் தாங்கும். ரெண்டு பலகையை ஸ்குரூவால பூட்டுறம், எவ்வளவு இறுக்கினாலும் நடுவில இடைவெளி நிக்குது, இதை நீங்களும் கண்டிருப்பியள். புரி மேல் பலகையையும் கடிக்குது கீழ்ப் பலகையையும் கடிக்குது, பிறகு எப்பிடி ஒண்டை ஒண்டு இழுக்கும்? மேல் பலகையில ஸ்குரூ தடையில்லாமல் வழுக்கிப் போகுமளவு ஓட்டை போடோணும், கீழ் பலகையில புரிக்கு நடுவில இருக்கிற தண்டின்ர அளவுக்கு மட்டும். 4 மில்லிமீற்றர் ஸ்குரூ எண்டால் மேல 4.5, கீழ மென்மரத்துக்கு 2.5, வைர மரம் எண்டால் 3. பிறகு தலை உட்காரக் குழி, புரியில கொஞ்சம் மெழுகு. சவர்க்காரம் பூசாதேங்கோ, அது ஈரத்தை இழுத்து ஸ்குரூவைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஸ்குரூ டிரைவர் பொருந்தாட்டி தொடாதே எண்டுவார். நேர் வெட்டுத் தலைக்கு அலகின்ர அகலம் வெட்டின்ர நீளத்துக்குச் சரியா இருக்கோணும், மெல்லிசா இருந்தால் வெட்டின்ர விளிம்பைத் தின்னும், அகலமா இருந்தால் மரத்தைக் கீறும். வெளிநாடு வந்தபிறகுதான் நான் பிலிப்ஸையும் பொசிடிரைவையும் பிரிச்சுப் பாக்கப் பழகினது. ரெண்டும் பார்வைக்குக் கூட்டல் குறிதான், ஆனா பொசிடிரைவ் தலையில அந்தக் குறிக்கு நடுவால நாலு மெல்லிய கோடு கூட இருக்கும். அதுக்குப் பிலிப்ஸ் முனையை வைச்சுத் திருகினால் துள்ளித் துள்ளி வெளிய வந்து தலை அழிஞ்சு போகும், முனையில பிலிப்ஸுக்கு பிஎச் (PH), பொசிடிரைவுக்கு பிசட் (PZ) எண்டு போட்டிருக்கிறதைப் பாத்து எடுங்கோ. கனடாவில இருக்கிற எங்கட ஆக்களுக்குச் சதுரக் குழி ஸ்குரூ தெரிஞ்சிருக்கும், ராபர்ட்சன் எண்டவர் 1909இல அங்க காப்புரிமை எடுத்தது, ஒரு கையாலேயே முனையில குத்தி எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டலாம், என்னைக் கேட்டால் மரவேலைக்கு அதை மிஞ்சினது இல்லை.

மற்றதுகளைச் சுருக்கிச் சொல்லுறன். இரும்பு அறுக்கிற வாளின்ர அலகில பல்லு முன்னுக்குப் பாக்கோணும், தள்ளேக்க அழுத்து, இழுக்கேக்க விடு, மூண்டு பல்லாவது எப்பவும் இரும்பில நிக்கோணும், தகடு அதைவிட மெல்லிசா இருந்தால் நுணுக்கப் பல் அலகு போடு. உளி பிடிக்கேக்க ரெண்டு கையும் கூருக்குப் பின்னால. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் திருப்பேக்க பாரம் அசையாத தாடையில விழோணும். கைபிடி இல்லாத அரத்தை அவர் பெட்டியிலேயே வைச்சிருக்க விடமாட்டார், அந்தக் கூர்வால் உள்ளங்கைக்குள்ள ஏறினால் கை போச்சு. சுத்தியலைச் சுத்தியலால ஒருநாளும் அடிக்காதேங்கோ, ரெண்டும் வைரமாக்கின இரும்பு, சிதறுற துண்டு நேர கண்ணுக்குத்தான் வரும்.

இதெல்லாம் ஏன் எங்கட பழைய மாணவர் மலரில எழுதுறன் எண்டால், பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம் எண்டு ஒவ்வொரு கூட்டத்திலயும் கதைக்கிறம், கம்ப்யூட்டர் வேணும் ஸ்மார்ட் போர்ட் வேணும், சரி, அதுகளும் வேணும்தான், பட்டறையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. இப்ப எல்லார் கையிலயும் பேட்டரி ட்ரில் இருக்கு, ஆனா அதைக் குறைஞ்ச இறுக்கத்தில வைச்சு கடைசிச் சுற்றைக் கையால முடிக்கோணும் எண்டதைப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? பெடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒண்டாப் படிப்பியுங்கோ. நூறு துண்டுச் சாமான் பெட்டி ஒண்டும் வாங்க வேண்டாம், அதில பாதி முனை ரெண்டு தரம் திருப்பினதும் மழுங்கிப் போகும். மேசையில நட்டுப் பூட்டின, சாமானை இறுக்கிப் பிடிக்கிற நல்ல வைஸ் சில, அளவு அளவா ஸ்குரூ டிரைவர், குழி போடுற முனை, எல்லா அரத்துக்கும் கைபிடி. சுத்தியல் எல்லாம் 450 கிராமில வாங்கினால் சின்னப் பிள்ளையளுக்குப் பாரம், 200, 300 கிராமிலயும் எடுப்பம். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் பிள்ளைக்கு ஒண்டு எண்ட கணக்கில முதல்ல அனுப்புவம், மற்றதுகள் அடுத்த வருசம் போனாலும் பரவாயில்லை.