காலுறைப் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்

கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறத்தில் தோன்றி, மாதக்கணக்கில் ஆறாமல் நீர் கசிந்துகொண்டிருக்கும் புண்ணுக்குக் களிம்பை மட்டும் மாற்றி மாற்றிப் பூசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த இடத்தில் வரும் புண்களில் பெரும்பாலானவை, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளின் கோளாறால் வருபவை. நாம் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் ஏறக்குறைய 80 முதல் 90 மி.மீ. பாதரச அழுத்தம் இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ள, சிரைக்குள் உள்ள வால்வுகள் அது திரும்பி வராமல் தடுக்க, அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வால்வுகள் கெட்டுப்போனவர்களுக்கு நடந்தாலும் அது போதிய அளவு இறங்குவதில்லை. நீர் கசிந்து கால் வீங்குகிறது, தோல் கறுத்து இறுகுகிறது, பிறகு ஒரு சிறு கீறலே பெரும் புண்ணாகிறது. எனவே வெளியிலிருந்து காலை அழுத்திப் பிடிப்பதே முதன்மைச் சிகிச்சை.

என் அத்தை ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்தவர். கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியபோது அவர் கால் ஏற்கெனவே கறுத்திருந்தது. அவருக்காகக் காலை அழுத்திப் பிடிக்கும் காலுறை, கட்டுத்துணி போன்ற சாதனங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்ததில், "இருப்பதிலேயே உயர்ந்தது எது?" என்ற கேள்வியால் பயனில்லை என்று உறுதியாக உணர்ந்தேன். இந்தக் காலுக்கு எவ்வளவு அழுத்தம் தாங்கும், அந்த அழுத்தம் மாலைவரை நிற்குமா, இதைத் தினமும் யார் மாட்டிவிடுவார்கள் என்பவையே கேட்க வேண்டியவை.

முதற்கேள்விக்கு விடை கடையில் கிடைக்காது. காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியே குறுகியிருந்தால், இறுக்கிக் கட்டுவது காலையே பறித்துவிடக்கூடும். ஒலி அலையால் இரத்த ஓட்டத்தை அறியும் டாப்ளர் கருவியால் கணுக்காலின் இரத்த அழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். விகிதம் 0.8க்கும் 1.3க்கும் இடையில் இருந்தால் பொதுவாக முழு அழுத்தம் தரலாம், 0.5 முதல் 0.8 வரை என்றால் நிபுணரின் மேற்பார்வையில் குறைந்த அழுத்தம். அதற்கும் கீழே என்றால் கட்டே கூடாது, இரத்தநாள அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் உடனே செல்ல வேண்டும். நம் வீடுகளில் சர்க்கரை நோய் மிகுந்திருப்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: சர்க்கரை நோயாளிகளின் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, இந்த விகிதம் பொய்யாக உயர்ந்து காட்டலாம், அவர்களுக்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தையும் பார்ப்பது நல்லது. இரண்டு கால்களும் சேர்ந்து வீங்கினால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்காகப் பலர் உட்கொள்ளும் ஆம்லோடிபின் மாத்திரைகூட வீக்கத்தைத் தரும்.

அடுத்தது அழுத்தக் காலுறையின் பெட்டியில் உள்ள எண். சிரைப் புண்ணுக்குக் கணுக்காலில் ஏறக்குறைய 40 மி.மீ. அழுத்தம் தேவை என்பது பொதுவான நெறி. ஆனால் 'கிளாஸ் 2' என்று அழுத்த வகுப்பு எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்க முடியாது. பிரிட்டிஷ் அளவில் அது 18 முதல் 24 வரை, ஜெர்மன் அளவில் 23 முதல் 32 வரை. ஆகவே வகுப்பை விட்டுவிட்டு மி.மீ. கணக்கையே கேளுங்கள். காலை அளப்பதும் காலையில் எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன் நடக்க வேண்டும். பலரும் சுற்றிக்கொள்ளும் சாதாரண கிரேப் பேண்டேஜ் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடுவதால் புண்ணுக்கு உதவாது. அதிகம் நீளாத வகைக் கட்டுத்துணி, படுத்திருக்கும்போது மெல்லவும் நடக்கும்போது வலுவாகவும் அழுத்தும். ஆனால் வீக்கம் வற்ற வற்ற அதை மீண்டும் கட்ட வேண்டும், அதற்குப் பயின்ற கை வேண்டும். ஒரே இழுவிசையில் சுற்றினாலும் மெலிந்த இடத்தில் அழுத்தம் கூடுதலாக விழும் என்பதால், ஒல்லியான கால்களில் முன்னெலும்பின் விளிம்புக்குப் பஞ்சு வைக்காமல் கட்டுவது ஆபத்து.

இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 457 பேரிடம் நடந்து 2014இல் வெளியான வீனஸ் 4 ஆய்வு எனக்குப் பெரும் தெளிவைத் தந்தது. நான்கு அடுக்குக் கட்டையும் இரண்டு அடுக்குக் காலுறையையும் ஒப்பிட்டபோது, புண் ஆறுவதற்கான இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேருக்குப் புண் ஆற ஆன காலம், முறையே 98 நாட்கள், 99 நாட்கள். காலுறை அணிந்தோரிடம் புண் திரும்பி வந்தது குறைவு. ஆனால் அவர்களில் கூடுதலானோர் பாதியில் வேறு சிகிச்சைக்கு மாறினர். குனிய முடியாத, மூட்டு வலியுள்ள ஒருவரால் இறுக்கமான காலுறையைத் தனியே ஏற்ற இயலாது. நம் வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். அத்தைக்கு இறுதியில் பொருந்தியது வெல்க்ரோ பட்டைகள் கொண்ட உறை. தளர்ந்தால் அவரே இழுத்து ஒட்டிக்கொள்கிறார், குளிக்கும்போது கழற்றிவிடுகிறார்.

காற்றடைத்து அழுத்தும் பம்பு இயந்திரங்களைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கட்டு எதுவுமே போடாமல் இருப்பதைவிட அவை மேல். ஆனால் இறுக்கமான கட்டுக்கு ஈடாக நிற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. யானைக்கால் வீக்கம் போன்ற நிணநீர்த் தேக்கத்தில் அவை துணைச் சாதனமாகப் பயன்படலாம். அங்கும் தினசரிக் கழுவுதலும், விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துவதும், கட்டும்தான் அடிப்படை. கட்டுப்பாட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, புதிதாக ஏற்பட்ட ஆழ்சிரை இரத்த உறைவு, தோலில் பரவும் கிருமித் தொற்று ஆகியவை உள்ளவர்களுக்கு இயந்திரம் கூடாது.

கட்டுப் போட்டுக்கொண்டே சிரையையும் சரிசெய்துகொள்வது குறித்து மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். 2018இல் வெளியான எவ்ரா ஆய்வில், பழுதான சிரையை முன்கூட்டியே அடைத்தவர்களுக்குப் புண் ஆற 56 நாட்களும், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாட்களும் ஆயின. இரு தரப்பினரும் அழுத்தக் கட்டு போட்டிருந்தவர்களே. புண் ஆறிய பிறகும் காலுறை தொடர வேண்டும். அதன் இழுவை தளர்ந்துவிடும் என்பதால் சுமார் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, காலை மீண்டும் அளந்து, புதியது வாங்க வேண்டும்.