விசில் கையில் இருக்கட்டும்: முதல் ஆட்டத்துக்கு நடுவராக நின்ற அனுபவம்

ஒரு முழு கால்பந்து ஆட்டத்தை நடுவராக நின்று நடத்தி முடித்துவிட்டேன். உடுமலைக்குக் கிழக்கே ஒரு பள்ளி மைதானம், ஆடிக் காற்று, பதினோரு பேர் ஆட்டம், தொண்ணூறு நிமிடம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த அணி 2-1 என்று உள்ளூர் அணியை ஜெயித்தது. மஞ்சள் அட்டை இரண்டு, சிவப்புக்கு வேலை வரவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு ஃபவுலுக்கு விசில் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிட்டேன், அது கோலாக முடிந்தது. நான் ஆடிய காலத்தில் போட்ட எந்தக் கோலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. ஃபவுல் நடந்தாலும், அடிபட்ட அணிக்கே பலன் இருந்தால் ஊதாமல் ஆட்டத்தை ஓடவிடுவதற்குப் பெயர் அட்வான்டேஜ். இந்தப் பதிவில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் விசில். நம் ஊர் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டால் எடுத்து நீட்டுவது உள்ளே குண்டு உருளும் விசில். பஸ் கண்டக்டர் ஊதுவதும் அந்த ரகம்தான். செம்மண் தூசி பறக்கிற மைதானத்தில் அது ஆகாது. தூசியும் எச்சிலும் சேர்ந்து குண்டு ஒட்டிக்கொண்டால் வெறும் காற்றுதான் வரும். கனடாவில் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கூடைப்பந்து நடுவருக்கு இதே தொல்லை முக்கியமான ஆட்டத்தில் வந்துவிட, அவர் குண்டே இல்லாத விசிலைச் செய்ய வைத்து 1987ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுதான் ஃபாக்ஸ் 40. நான் வாங்கியதும் அதே. கோவையில் ஒரு கடையில் அசல் என்று சொல்லி போலியைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். அசலில் மூன்று அறைகளின் ஒலியும் சேர்ந்து காதைக் கிழிக்கும், போலி கீச்சென்று ஒற்றைக் குரலில் கத்தும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஊதிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். விசில் வாயில் இருக்கக் கூடாது. கையில் இருக்க வேண்டும்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் பக்கத்து ஊரில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பல வருடம் உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவர். அவர் சொன்னது: "ஃபவுலப் பாத்தா விசிலத் தேடாத கண்ணு, பந்தத் தேடு. ஊதுன காத்தத் திருப்பி வாங்க முடியாது." கேட்கச் சுலபம், உடம்புக்குப் பழக்குவதுதான் பாடு. பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது எந்நேரமும் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டே நிற்பது என் வழக்கம். கால் தட்டிவிடும் சத்தம் கேட்டதுமே நுரையீரல் தானாக ஊதிவிடும், மூளை அப்புறம்தான் வந்து சேரும். விசில் கையில் இருந்தால் அதை வாய்க்குக் கொண்டுபோக ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடியில்தான் பந்து யாரிடம் போகிறது என்பது தெரிகிறது.

கழுத்துக் கயிற்றை நான் விட்டுவிட்டேன். ஓடும்போது நெஞ்சில் ஆடி அடிக்கிறது, தேவைப்படும் நேரத்தில் கைக்கு அகப்படுவதும் இல்லை. விரலில் மாட்டும் பிடி வைத்த விசிலும் கிடைக்கிறது, ஆனால் வேர்வையில் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது. மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றி, விசிலை உள்ளங்கையில் அடக்கிப் பிடிப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. காலையில் பையன்கள் ஆடும்போது கோட்டோரம் நின்று, ஒவ்வொரு ஃபவுலுக்கும் கையை உயர்த்தி, பாதியில் நிறுத்தி, பந்தைப் பார்த்து, பிறகு ஊதுவதா விடுவதா என்று முடிவெடுத்துப் பழகினேன். விசில் சத்தமே இல்லாத பயிற்சி. பார்த்தவர்கள் ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இதைப் போல உதவிய பயிற்சி வேறில்லை.

கால்பந்து விதிகளில் ஐந்தாவது நடுவரைப் பற்றியது. அதில் அட்வான்டேஜ் பற்றி இருப்பது நடுவர்கள் எல்லோரும் படித்ததுதான். எதிர்பார்த்த பலன் உடனேயோ சில நொடிகளுக்குள்ளோ கிடைக்காவிட்டால் திரும்பி வந்து முதல் ஃபவுலுக்கு ஊதலாம். குற்றம் எவ்வளவு கடுமை, எந்த இடம், உடனடித் தாக்குதலுக்கு வாய்ப்பு உண்டா, ஆட்டத்தின் சூழல் எப்படி என்று பார்க்கச் சொல்கிறார்கள். நம் மைதானங்களில் இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பது என் முடிவு: தரையும் காற்றும்.

தரை என்றால், புல்தரை மைதானத்தில் காலுக்கு வரும் பந்து காலிலேயே நிற்கும். இங்கே கல்லும் குழியும் காய்ந்த புல் முண்டுமாக இருக்கிறது. ஆளில்லாத இடத்துக்கு உருளும் பந்து நல்ல வாய்ப்பு மாதிரி தெரியும், பக்கத்தில் போனதும் முழங்கால் உயரத்துக்கு எகிறும். அதனால் பந்து ஒரு ஆளின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதைக் கண்ணால் பார்க்காமல் நான் அட்வான்டேஜ் என்று கையை விரித்துக் காட்டுவதில்லை. பந்து அவன் பக்கம் போகிறது என்பது மட்டும் போதாது.

காற்று இன்னும் பெரிய கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்த மைதானத்தில் கோல் கம்பங்கள் கிழக்கும் மேற்குமாக இருக்கின்றன. மேற்கிலிருந்து காற்று நீளவாக்கில் அடிக்கிறது. கிழக்கு நோக்கித் தாக்கும் அணிக்கு நீளமாகத் தள்ளிவிட்ட பந்து ஓடுகிற ஆளை முந்திக்கொண்டு கோல் கோட்டைத் தாண்டிவிடும். அந்தத் திசையில் நீளப் பந்துக்கு அட்வான்டேஜ் விட்டால் பத்தில் ஒன்பது வீண், காலில் பந்து இருந்தால் மட்டும் விடலாம். மேற்கு நோக்கிப் போகும் அணிக்கோ காற்றே பந்தை நிறுத்திக் கொடுக்கும், ஓடி எடுக்க நேரம் கிடைக்கும். ஒரே ஃபவுல், ஒரே இடம், ஆனால் தாக்கும் திசையைப் பொறுத்து முடிவு மாறும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். காற்றடிக்கும் ஊர்க்காரர்கள் ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

விசில் சத்தத்துக்கும் இதே கணக்கு. காற்றுக்கு எதிரே ஊதினால் நாற்பது அடிக்கு அப்பால் கேட்காதது போல ஆடிக்கொண்டே இருப்பார்கள். முடிந்தவரை ஆட்டத்துக்கு மேற்குப் பக்கமாக நின்றேன். சத்தம் காற்றோடு கிழக்கே போய்ச் சேர்ந்துவிடும். முடியாத நேரங்களில் நீளமாக ஊதி, கையையும் உயரத் தூக்கினேன்.

சரி, அந்தக் கோல். இரண்டாம் பாதியில் பொள்ளாச்சி அணி கிழக்கு நோக்கி ஆடியது. நடுவட்டத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய நடுக்கள ஆட்டக்காரர் பந்தை இடது பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய பிறகு, தாமதமாக வந்த கால் ஒன்று அவரைச் சாய்த்தது. சுத்தமான ஃபவுல். மைதானமே கத்தியது. என் கை பாதி உயரத்தில் நின்றது. பந்து நீளப் பந்து இல்லை, தரையோடு கொஞ்ச தூரமே போய் இடது ஓர ஆட்டக்காரரின் காலில் ஒட்டிக்கொண்டது. எதிரே ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர். இரண்டு கையையும் முன்னால் விரித்து "ஆடுங்க, ஆடுங்க!" என்று கத்தினேன். வாய் காலியாக இருந்ததால்தான் கத்த முடிந்தது, இதையும் கவனியுங்கள். அவர் உள்ளே வெட்டி வந்து வலது காலால் அடித்தார். கம்பத்தை உரசி உள்ளே போனது.

நடுவட்டத்துக்கு வந்ததும் கால் தட்டிய ஆளைக் கூப்பிட்டு மஞ்சள் அட்டை காட்டினேன். உள்ளூர் அணித் தலைவர் ஓடி வந்தார். "ஏனுங்ணா, கோலும் போச்சு, அட்டையும் வேறயாங்க?" நியாயமான கேள்விதான். தாக்குதலைத் தடுத்ததற்காக மட்டும் ஃபவுல் என்றால், அட்வான்டேஜ் கொடுத்த பிறகு அட்டை கிடையாது. ஆனால் இது அடுத்தவன் காலுக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் வந்த கால். அந்தக் குற்றம் அட்வான்டேஜ் கொடுத்தாலும் அழியாது, ஆட்டம் நின்றதும் அட்டை வரும். "தடுத்ததுக்கு இல்லீங்க தம்பி, அடிச்சதுக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த வித்தியாசத்தை முந்தின வாரம்தான் அந்த வாத்தியாரோடு உட்கார்ந்து பிரித்துப் பேசியிருந்தேன். அந்த நேரத்தில் அது நாக்கில் தயாராக இருந்தது பெரிய நிம்மதி.

எட்டு நொடி விதியையும் ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிக்கும் சொல்லிவிட்டேன். 2025-26 பருவத்திலிருந்து கோல்கீப்பர் கையில் பந்தை எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்ட வேண்டும். பழைய ஆறு நொடி விதியையும் மறைமுக ஃப்ரீ கிக்கையும் யாரும் மதித்ததில்லை. இந்த விரல் எண்ணிக்கை அப்படி இல்லை, நன்றாக வேலை செய்கிறது. மூன்றாம் விரல் மடங்குவதற்குள் பந்து பறந்துவிடுகிறது. காற்றுக்கு எதிரே உதைக்க வேண்டிய கீப்பர்தான் பாவம், காற்று கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருக்கக்கூட முடியவில்லை. இன்னொன்று, கோல் கிக்கைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து நேராக அடித்தவர் கோலுக்குள்ளேயே போட்டால் அது கோல் ஆகாது, கார்னர்தான். நடக்குமா என்று சிரிக்காதீர்கள், ஆடியில் அந்த மைதானத்தில் நின்றால் நம்புவீர்கள். எனக்கு அது நேரவில்லை, பதில் மட்டும் தயாராக வைத்திருந்தேன்.

கோடு போடுவதிலும் காற்று வேலையைக் காட்டிவிட்டது. பொடியாகத் தூவிய சுண்ணாம்பு ஆட்டம் தொடங்குவதற்குள் அடுத்த காட்டுக்குப் போய்விட்டது. கரைத்து ஊற்றினால்தான் நிற்கும். பையன்கள் தண்ணீர் கேனில் கரைத்து இரண்டாம் முறை ஊற்றினார்கள். ஒரு பையன் கையில் வெள்ளிக் காப்பு, கழற்ற வராது என்றான். டேப் சுற்றினாலும் விதி அனுமதிக்காது. சோப்பு நுரை போட்டுக் கழற்றினோம்.

சட்டை பற்றிக் கேட்கப் போகிறவர்களுக்கு: கடையில் விற்கும் நடுவர் சட்டைகளில் பாதிக்கு நெஞ்சுப் பை பேருக்குத்தான் இருக்கிறது, அட்டையும் குறிப்புத்தாளும் அடங்காது. திருப்பூர் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதை ஏன் வாங்க வேண்டும்? காதர்பேட்டையில் பாலியஸ்டர் பின்னல் துணி எடுத்து, பனியன் கம்பெனி நடத்தும் மச்சானிடம் கொடுத்தேன். இரண்டு நெஞ்சுப் பை, மூடியோடு. கறுப்பு வேண்டாம் என்று மஞ்சள் எடுத்தேன். இரண்டு அணியுமே கருநீலம், கறுப்பு என்று வந்து நிற்பது இங்கே சகஜம். மஞ்சள் அட்டை சட்டைப் பையில், சிவப்பு கால்சட்டையின் பின் பையில். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். தையல் நன்றாக வந்திருக்கிறது, அடுத்த சட்டைக்குக் கழுத்துப் பட்டியை மட்டும் கொஞ்சம் தளர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

தீராத பிரச்சினை ஆஃப்சைடு, அதாவது பந்து உதைக்கப்படும் நொடியில் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றவர் அந்தப் பந்தை வாங்கி ஆடுவது. இதில் எனக்குக் கோபமே இருக்கிறது. ஆட்டம் ஏற்பாடு செய்கிறவர்கள் சாப்பாட்டுக்கு, இளநீருக்கு, ஃப்ளெக்ஸுக்கு எல்லாம் பணம் ஒதுக்குகிறார்கள். கோட்டோரம் நிற்க நடுநிலையான இரண்டு பேருக்கு மட்டும் ஒதுக்குவதில்லை. ஆளுக்கு ஒருவரை அணிகளே தந்தன. அவர்களைப் பந்து வெளியே போனதா என்று காட்ட மட்டும் வைத்துக்கொண்டேன், ஆஃப்சைடு முழுவதும் என் தலையில். பந்தை உதைக்கும் காலையும் கடைசித் தடுப்பாட்டக்காரரையும் ஒரே நேரத்தில் பார்க்க மனிதக் கண்ணால் முடியாது. வழக்கமான மூலைவிட்ட ஓட்டத்தை விட்டுவிட்டு இன்னும் ஓரமாக, அகலமாக ஓடினால் கொஞ்சம் தேவலை, ஆனால் அப்போது நடுக்கள ஃபவுல்கள் தூரமாகிவிடுகின்றன. த்ரோ இன்னில் நேராக வாங்கிய பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது, அதற்கும் "ஆஃப்சைடு ரெஃப்ரி!" என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வதை முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

அதனால் அடுத்த வேலை கொடிகள். மச்சானிடம் மிச்சம் இருக்கும் மஞ்சள், ஆரஞ்சுத் துணியில் கட்டம் கட்டமாகத் தைத்து, பிவிசி குழாயில் மாட்டி இரண்டு கொடி செய்யப் போகிறேன். எங்கள் காலை ஆட்டக் கூட்டத்தில் இரண்டு பேரை ஆஃப்சைடுக்குப் பழக்கி, எங்கே போனாலும் மூன்று பேராகப் போவதாக எண்ணம். அதில் ஒருவர் கல்லூரிப் பெண், நன்றாக ஓடுகிறார், கண்ணும் கூர்மை. திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிய ரூபா தேவி ஃபிஃபா நடுவர் ஆனதைச் சொன்னதும் கொடியை இப்போதே கொடுங்கள் என்கிறார். மாவட்டச் சங்கம் நடுவர் தேர்வு அறிவித்தால் நாங்கள் சேர்ந்தே எழுதுவோம்.

அடுத்த ஆட்டம் தாராபுரம் பக்கம் பேசியிருக்கிறார்கள். அங்கே கம்பங்கள் வடக்கும் தெற்குமாம், காற்று குறுக்கே அடிக்கும். அட்வான்டேஜ் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். குறுக்குக் காற்றில் நடுவராக நின்றவர்கள் யாராவது இருந்தால், ஓரத்துக்குப் போகும் பந்துக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.